ஊசினியின் மண்சுவர்

வெள்ளைக்கேட்டு ரப்பர் தோட்டத்தில் யூஜினியா என்ற பெயரை முழுசாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். ஒருவர் ஞானஸ்நானம் கொடுத்த பிரெஞ்சுச் சாமியார். அவர் கண்மூடிப் பல வருஷமாயிற்று. இன்னொருவர் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி ஹியூபர்ட். அவரும் பெயர் கூப்பிடும் புத்தகத்தைக் கையில் வைத்திருக்கும்போது மட்டும்தான். மற்ற அத்தனை பேருக்கும் அவள் ஊசினி.

1951ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் இந்த ஊசினி தன் லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூண்டை ஒட்டி, மார்பு உயரத்துக்கு ஒரு மண்சுவர் வைத்தாள். ஆறடி நீளம், இரண்டடி கனம். அது எந்தக் கூரையையும் தாங்கவில்லை, எதையும் மறைக்கவும் இல்லை. சும்மா ஒரு சுவர். தோட்டமே வந்து பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது.

"மலாய்க்காரன் கால் வச்சு வீடு கட்டுறான், சீனன் பலகையில கட்டுறான். நீ மண்ணுல கட்டப் போறியாக்கும்? மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குன கததான் லா" என்றார் ஆட்களை மேய்க்கும் மண்டோர் முருகையா.

 மழைக்கு நிற்குமா என்று பார்க்கத்தான் ஊசினி அந்தச் சுவரை வைத்திருந்தாள். இரண்டு பங்கு களி, ஒரு பங்கு ஆற்று மணல், விரல் நீளத்துக்கு வெட்டிப் போட்ட லாலாங் புல். இதற்கு முன்னால் வைத்த மூன்று சுவர்களில் ஒன்று வெடித்தது, ஒன்று கரைந்தது, ஒன்று நின்றுகொண்டே இருந்து ஒருநாள் அலுத்துப்போய் விழுந்தது. இது நான்காவது. தலையில் இரண்டு அத்தாப்பு ஓலையை மட்டும் கவிழ்த்துவிட்டு மூன்று வாரம் பார்த்தாள். விரலால் சுரண்டினால் நகம்தான் தேய்ந்தது.

அவளுடைய திட்டம் இதுதான். தோட்டத்திலிருந்து இரண்டு மைலில், கோலா சிலாங்கூர் போகிற ரோட்டோரம், ஆற்றுப் பக்கமாக அரை ஏக்கர் நிலம் அவளுக்கும் காப்ரியலுக்கும் பெர்மிட்டில் கிடைத்திருந்தது. போலீஸ் சாவடி கூப்பிடு தூரத்தில் இருந்ததால் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை. வருஷம் முடிவதற்குள் அதில் சுவரும் கூரையுமாக ஒரு வீடு நிற்க வேண்டும். டிசம்பர் கடைசியில் ஆள் வந்து பார்ப்பான். வீடு இல்லையென்றால் நிலமும் இல்லை.

பெர்மிட் கையில் வந்தது ஜனவரியில். ஏப்ரலில் கம்பி வந்தது.

காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகக்கூடாது என்று சர்க்கார் போட்ட உத்தரவு. எட்டு லயங்களையும் சுற்றி இரட்டை முள்கம்பி வேலி. சாயங்காலம் ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டினால் காலை ஐந்தரைக்குத்தான் திறப்பார்கள். ஆறு மணிக்குமேல் வெளியே நடமாடுகிறவனை யார் என்று கேட்காமலே சுடலாம். காலையில் பாலுக்கு ரப்பர் மரம் வெட்டப் போகும்போது ஒரு பிடி அரிசியோ ஒரு துண்டு கருவாடோ மடியில் இருந்தால் ஜெயில். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு மத்தியானம்வரை பால் எடுத்தார்கள். ஆடு மாட்டைக்கூட அடைக்குமுன் மேய விடுவார்கள் என்று பேசிக்கொண்டார்கள், அதையும் மெதுவாகத்தான்.

ஊசினிக்குக் கம்பி மட்டும் பிரச்சினை இல்லை. அதற்கு முன்னாலேயே பதினெட்டு வருஷமாக அவள் பலகைக்குள் இருந்தாள். லயத்தில் ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவில் இருப்பது அரையங்குலப் பலகை. இந்தப் பக்கம் கொட்டாவி விட்டால் அந்தப் பக்கம் கேட்கும். கல்யாணமான புதிதில் அவளும் காப்ரியலும் சைகையிலேயே குடும்பம் நடத்தினார்கள். பிறகு அதுவே பழகிப்போய்விட்டது. சண்டை போடக்கூட ஓர் இடமில்லாத குடும்பம் என்ன குடும்பம் என்று அவளுக்கு ஆத்திரம் வரும். இரண்டடி கனத்தில் சுவர் வேண்டும், அதற்குள் உட்கார்ந்து இந்த மனுஷனோடு வாய்விட்டு நாலு வார்த்தை பேச வேண்டும் என்பதுதான் ஆசை. திருச்சிப் பக்கத்துச் சின்ன வயசில் சுவருக்கு மண் மிதித்த கால் அது. பலகை வாங்க வழியில்லை. மண் சும்மா கிடந்தது.

காப்ரியல் ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கொட்டகையில் வேலை செய்தான். நல்ல மனுஷன். மாட்டேன் என்ற சொல்லை அவன் வாய் கண்டதே இல்லை. "இப்படி வைக்கலாமா?" என்று கேட்டால் "வைக்கலாம்" என்பான். "அப்படி வைக்கலாமா?" என்றாலும் "வைக்கலாம்". ஞாயிற்றுக்கிழமை நிலத்துக்குப் போய் அளக்கும்போது கயிற்றின் மறுமுனையை அவன்தான் பிடிப்பான். இழு என்றால் இழுப்பான், விடு என்றால் விடுவான்.

அரை ஏக்கரில் முக்கால்வாசி சதுப்பு. ஆறு ஏறினால் கணுக்கால் தண்ணீர் நிற்கும். நடுவில் ஒரு மேடு மட்டும் காய்ந்து கிடந்தது, ஒரு வீடும் ஒரு வாசலும் கொள்கிற அளவு. ஊசினி அதில்தான் ஆப்பு அடித்தாள். பன்னிரண்டு அடிக்குப் பத்தடி.

"மொதல்ல நாலு காலு நட்டுக் கூரையப் போட்டுறணும். கூரைக்கு அடியிலதான் சுவரு. அப்பத்தான் மழ என்ன பெஞ்சாலும் காயும். என்ன சொல்றீங்க?"

"சரிதான்" என்றான் காப்ரியல். அவன் கண் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ரோட்டில்தான் ஜூன் மாதம் நல்லசாமி கிடந்தார். வெளியே தனியாகக் குடிசை போட்டுக் காய்கறி பயிரிட்ட மனுஷன். யாருக்கு அரிசி கொடுத்தாய் என்று பட்டாளம் வந்து கேட்டது. யாருக்குத் தகவல் கொடுத்தாய் என்று காட்டுக்காரன் வந்து கேட்டான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. கடைசியில் சுட்டது யார் என்று யாரும் சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை. பிணத்தைத் தூக்கி வந்த நாலு பேரில் காப்ரியல் ஒருவன். அன்றைக்கு வந்து குளித்தவன் மறுநாள்வரை சாப்பிடவில்லை. ஊசினி ரசம் வைத்துக் கொடுத்தாள், போகப் போகச் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

அவள் தலையில் ஓடியதெல்லாம் நாள் கணக்கு. மண்சுவரை ஒரே மூச்சில் எழுப்ப முடியாது. ஒன்றரை அடி உயரத்துக்கு ஒரு சுற்று வைக்க வேண்டும், அது காய வேண்டும், அப்புறம்தான் அடுத்த சுற்று. அவசரப்பட்டால் அடிச்சுற்று பிதுங்கிக்கொண்டு மொத்தமும் உட்கார்ந்துவிடும். இந்த ஊர் ஈரத்தில் ஒரு சுற்றுக்குப் பத்து நாள். ஐந்து சுற்று. ஐம்பது நாள். செப்டம்பர் பாதியில் ஆரம்பித்தால் தாராளமாக முடியும்.

செப்டம்பர் பாதியில் துப்பாக்கி வெடித்தது.

விடிகாலை, ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிடும் பெரட்டு நேரம். எதிர்த்த ரப்பர் காட்டிலிருந்து கேட்டைப் பார்த்துச் சடசடவென்று சுட்டார்கள். எல்லாரும் தரையோடு தரையாகப் படுத்தார்கள். ஊசினி படுத்த இடத்தில் சகதி. முழுசாக ஐந்து நிமிஷம்கூட இராது. காவல் கொட்டகையில் நின்ற ஸ்பெசல் கான்ஸ்டபிள் கார்த்திகேசுக்கு முழங்கைக்கு மேல் சதை பிய்ந்துபோனது. கொட்டகையின் பலகையைத் துளைத்துக்கொண்டு வந்த குண்டு அது. மற்றபடி ஆள் சேதம் இல்லை.

வெளிச்சம் வந்ததும் துரையும் போலீஸ் அதிகாரியும் குண்டுபட்ட இடங்களை எண்ணிக்கொண்டே வந்தார்கள். லயத்துப் பலகையில் ஓட்டை. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை. கோழிக்கூண்டில் ஓட்டை, இரண்டு கோழியும் காலி. அதை ஒட்டி நின்ற மண்சுவரில் மூன்று பொத்தல். அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. போலீஸ் அதிகாரி பேனாக்கத்தியால் நோண்டி நோண்டி, ஒரு சாண் ஆழத்திலிருந்து நசுங்கிய குண்டை எடுத்துக் கையில் உருட்டினார்.

"இது யார் போட்டது சொவரு?" என்று துரை தன் தோட்டத்துத் தமிழில் கேட்டார்.

சிரித்துவிட்டுப் போன முருகையாதான் முந்திக்கொண்டு ஊசினியைக் காட்டினார். அவளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். துரை பேசப் பேசக் கிராணி ஹியூபர்ட் தமிழில் சொன்னார்.

"கேட்டுக்குப் பக்கத்துல இதே மாதிரி கனமா ஒரு ரூம்பு வேணுமாம். நீ கட்டிக் குடு. முடிச்சதும் உன் வீட்டு வேலைக்கு ரெண்டு ஞாயித்துக்கெழம லோரியும் அஞ்சு ஆளும் தர்றேங்குறாரு. அது வரைக்கும் உனக்கு மரம் வெட்டுற வேல கெடையாது, சம்பளம் உண்டு."

லோரியும் ஐந்து ஆளும். இரண்டு மாதம் தலைச்சுமையாகச் செய்கிற வேலையை இரண்டு நாளில் முடித்துவிடலாம். ஊசினி மனசுக்குள் கணக்குப் போட்டாள். இந்த அறைக்கு ஐம்பது நாள், நவம்பர் ஐந்தாம் தேதிவாக்கில் முடியும். அதிலிருந்து டிசம்பர் கடைசிவரை இன்னொரு ஐம்பது நாளும் கொஞ்சம் மேலேயும். இழுத்துப் பிடித்தால் போதும்.

"கட்டுறேங்க ஐயா. ஆனா இந்தத் தோட்டத்து மண்ணு ஆவாது. செம்மண்ணு, கல்லு ஜாஸ்தி. நான் களி கொண்டாந்தது எங்க நெலத்துலருந்து. அந்தக் களி எடுத்தாத்தான் சுவரு நிக்கும்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். அன்றைக்கு அவளிடம் யாரும் களியைப் பற்றிக் கேட்கவில்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்ற கர்வத்தில் அவளாகத்தான் சொன்னாள்.

ஹியூபர்ட் துரையிடம் சொன்னார். துரை தலையாட்டினார். மண் எடுக்க லோரி போகும், கூடப் போய் இடம் காட்ட ஒரு ஆள் வேண்டும். ஊசினி கேட்டண்டை நின்று மண் மிதிக்க வேண்டும். ஆகவே காப்ரியல் போகட்டும் என்று முடிவாயிற்று.

"பள்ளத்துக்கு அந்தாண்ட, ஆத்தோரமா எடுக்கச் சொல்லுங்க. லோரி ரோட்டுலயே நிக்கட்டும், கூடையில சொமந்து போடட்டும். நாப்பது எட்டு வச்சாப் போதும். மேட்டுப் பக்கம் யாரையும் விடாதீங்க, என்ன?"

"சரி" என்றான் காப்ரியல்.

ஊசினி கேட்டுக்குப் பக்கத்தில் கால் நட்டுக் கூரை போட வைத்தாள். அடியில் கருங்கல் பரப்பினாள். அதிகாரி ஒரு காகிதத்தில் படம் போட்டுக் கொடுத்திருந்தார், பன்னிரண்டு அடிக்குப் பத்தடி என்று அவள் சொன்ன அளவையே எழுதி. வேறு அளவு அவளுக்கு மனசில் இல்லை. கதவு மட்டும் இரண்டு கேட்டிருந்தார்கள், ஒன்று வேலிக்கு வெளிப்பக்கம், ஒன்று உட்பக்கம். காற்று நேராக ஓடட்டும் என்று கேட்கிறார்களாக்கும் என நினைத்தாள். துப்பாக்கிக்காரர்கள் நிற்கிற அறை அல்லவா, புழுங்கும்.

லோரி நாளொன்றுக்கு இரண்டு நடை வந்தது. முதல் நாள் வந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தாள். நல்ல களி, ஆனால் அவள் எதிர்பார்த்ததைவிடக் காய்ந்திருந்தது.

"ஆத்தோர மண்ணா இது?"

"ம்."

"காஞ்சிருக்கே."

"மேலாப்புல எடுத்தது" என்று சொல்லிவிட்டுக் காப்ரியல் கூடையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தான்.

அவளுக்கு அதைப் பிடித்துக்கொண்டு நிற்க நேரமில்லை. நாலு பெண்களோடு சேர்ந்து முட்டிவரை சேற்றில் நின்று மிதித்தாள். புல்லைத் தூவித் தூவி மிதித்தாள். உருண்டை பிடித்துச் சுவரில் அறைந்து வைத்து, உள்ளங்கையால் தட்டி ஒன்றோடொன்றைச் சேர்த்தாள். முதல் சுற்று காய்ந்தது. இரண்டாவது ஏறியது. மூன்றாவது சுற்றுக்கு வரும்போது அவளுக்கு ஓர் ஆசை பிறந்துவிட்டது, அதைச் சொன்னால் வெட்கம். இந்தச் சுவரை அவள் நேசிக்க ஆரம்பித்துவிட்டாள். மூலைகளை வட்டமாக வழித்தாள், மழைத்தண்ணீர் தங்காமல் இருக்கட்டும் என்று. உட்பக்கம் சாணமும் மணலும் குழைத்து, கையில் தண்ணீர் தொட்டுத் தொட்டு மெழுகினாள். முருகையாகூட வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "பரவால்லயே, கோயிலு மாதிரி இருக்கு" என்றார். மனுஷன் வாயிலிருந்து நல்ல வார்த்தை வருவது அமாவாசைக்கு நிலா வருகிற மாதிரி. ஊசினிக்கு அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தது.

இடையில் நிலத்தைப் பார்க்கப் போக முடியவில்லை. கேட்டில் சுட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வரத் தரும் பாஸை நிறுத்தி வைத்திருந்தார்கள். லோரியில் ஏறிப் போய் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் காப்ரியல் "பெண்டுகள ஏத்தமாட்டாங்க" என்றான். இருக்கலாம் என்று விட்டுவிட்டாள்.

ஐந்தாவது சுற்று நவம்பர் இரண்டாம் தேதி முடிந்தது. நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை. பாஸ் மறுபடியும் தருவதாகச் சொன்னார்கள். சனிக்கிழமை சாயங்காலம் கோலா சிலாங்கூரிலிருந்து ஒரு பெண் பெட்டியோடு வந்து இறங்கினாள். காக்கிச் சட்டை, பாவாடை. பெயர் கலாவதி. பெண்களைச் சோதனை போடுவதற்கென்று நியமித்த ஆள்.

அப்போதுதான் ஊசினிக்கு அந்த அறை எதற்கென்று தெரிந்தது. இதுவரை பெண்களை வேலியோரம் நிறுத்தி மேலோடு தட்டிப் பார்த்துவிட்டு விட்டார்கள். ஞாயிறு சாயங்காலத்திலிருந்து ஒவ்வொருத்தியாக உள்ளே போய்ப் புடவையை அவிழ்த்துக் காட்ட வேண்டும், போகும்போதும் வரும்போதும். ஒரு கதவு வழியாக உள்ளே, இன்னொரு கதவு வழியாக வெளியே. சுவர் கனமாக இருக்கிறது, குண்டு துளைக்காது, யாரும் பார்க்க முடியாது, உள்ளே அழுதாலும் வெளியே கேட்காது. அதிகாரிக்கு ரொம்பத் திருப்தி.

சனிக்கிழமை ராத்திரி லயத்துப் பெண்கள் யாரும் ஊசினியோடு பேசவில்லை. பலகைக்கு அந்தப் பக்கம் யாரோ, "கட்டிக் குடுத்துட்டா மகராசி" என்றது தெளிவாகக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சொன்னார்கள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஆனாலும் அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். எனக்கு என்ன தெரியும், எனக்குச் சொன்னார்களா? இன்னும் ஐம்பது நாள். பிறகு இந்தக் கம்பியும் இந்த அறையும் இந்தப் பலகையும் யாருக்கு வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பாஸ் கையில் வந்தது. காப்ரியல் தலைவலி என்று படுத்துக்கொண்டான். ஊசினி தனியாகவே கிளம்பினாள். கேட்டைத் தாண்டியதும் நடை தானாக வேகமெடுத்தது. லோரியும் ஐந்து ஆளும் அடுத்த ஞாயிறு வருவார்கள். கால் நடுவது ஒரு நாள், கூரை ஒரு நாள். எந்தப் பக்கமிருந்து ஆரம்பிப்பது என்று யோசித்துக்கொண்டே இரண்டு மைலையும் நடந்து முடித்துவிட்டாள்.

மேட்டைக் காணவில்லை.

முதலில் இடம் தப்பிவிட்டோம் என்றுதான் நினைத்தாள். திரும்பிப் போலீஸ் சாவடியைப் பார்த்தாள், ஆற்றோர நிப்பா மரங்களைப் பார்த்தாள். இடம் அதேதான். ரோட்டிலிருந்து லோரிச் சக்கரத் தடம் இரண்டு வரியாக நேரே உள்ளே போய், மேடு இருந்த இடத்தில் ஒரு குளத்தின் கரையில் நின்றது. ஆள் உயரத்துக்கு வெட்டிய பள்ளம். அக்டோபர் மழை அதை நிரப்பியிருந்தது. நாலு பக்கமும் மண்வெட்டி வைத்த வெட்டு சுத்தமாக, நேராக இருந்தது. ஆற்றோரம் போய்ப் பார்த்தாள். அங்கே ஒரு கூடை மண்கூட யாரும் எடுக்கவில்லை.

கரையோரச் சேற்றில் காலை விட்டுப் பார்த்தாள். முட்டிவரை போனது, கீழே தரை கிடைக்கவில்லை. லோரியும் ஐந்து ஆளும் வந்து இதைத் தூர்த்துவிடலாம். ஆனால் தூர்த்த மண்ணில் இரண்டு மழைக்காலம் போகாமல் சுவர் வைக்கக் கூடாது. வைத்தால் அடி இறங்கி, மூன்றாம் சுற்றிலேயே பிளந்துவிடும். இது மண் மிதிக்கிற சின்னப் பிள்ளைக்கும் தெரியும். டிசம்பர் கடைசியில் வருகிறவன் குளத்தைப் பார்த்துவிட்டுப் போவான். அவள் கரையில் உட்கார்ந்து, யாருமில்லாத இடத்தில் சத்தம் போட்டு அழுதாள். பதினெட்டு வருஷத்தில் சத்தமாக அழுதது அதுதான் முதல் தடவை.

அழுகைக்கும் நேரம் அளந்துதான் வைத்திருந்தார்கள். வெயில் சாய்ந்ததைப் பார்த்ததும் பயம் வந்தது. ஆறு மணிக்குள் போகாவிட்டால் சுடுவார்கள். எந்தக் கம்பியை விட்டு ஓட நினைத்தாளோ அதற்குள் போய்ச் சேருவதற்கு அவள் புடவையை முட்டிக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது, ஆனாலும் ஓடினாள்.

காப்ரியல் வேலிக்கு உட்பக்கம் நின்றிருந்தான். தலைவலிக்காரன் எவ்வளவு நேரமாக அங்கே நின்றானோ, சட்டை நனைந்திருந்தது. அவள் கேட்டுக்குப் போகாமல் நேராக அவனுக்கு எதிரே வந்து கம்பிக்கு வெளியே நின்றாள். மூச்சு வாங்கியது.

"லோரிய மேட்டுல ஏத்தச் சொன்னது யாரு?"

"லோரிக்காரன் எங்கேன்னு கேட்டான்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கையக் காட்டுனேன்."

"தெரிஞ்சேவா?"

காப்ரியல் தலை குனியவில்லை. "தெரிஞ்சேதான்" என்றான். இத்தனை வருஷத்தில் அவன் அவளுக்குச் சொன்ன நேரான பதில் அது ஒன்றுதான்.

"ஏன்?"

"நல்லசாமியத் தூக்குனப்ப தல என் கையிலதான் இருந்திச்சு, ஊசினி. கம்பிக்குள்ள படுத்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது. நீ கயிறு புடிச்சு அளக்க அளக்க என் கண்ணு ரோட்டுலயேதான் நிக்கும். அங்க போய் ரெண்டு பேரும் தனியா கெடந்தா நம்பள யாரு தூக்குவா?"

"வேணாம்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? ஒரே ஒரு வார்த்த. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா?"

 விட்டிருப்பேன் என்று சொல்ல ஊசினிக்கு ஆசையாக இருந்தது. ஆனால் விட்டிருக்க மாட்டாள். இரண்டு நாள் பேசி, மூன்றாம் நாள் அவன் கையில் கயிற்றின் மறுமுனையைக் கொடுத்திருப்பாள். ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்ற அந்தக் கண்ணை அவளும் பார்த்தவள்தான். பார்த்துவிட்டுத்தான் "இழுங்க" என்று சொன்னாள். அவனைத் திட்ட ஒரு சொல்லும் கிடைக்காமல் போனது அவளுக்குப் பள்ளத்தைப் பார்த்ததைவிட வலித்தது.

"அக்கா, மணி ஆவப்போவுது லா. உள்ள வந்துருங்க" என்று கார்த்திகேசு குரல் கொடுத்தான். கட்டுப்போட்ட கையோடு அவன்தான் மறுபடியும் காவலுக்கு நின்றான். மற்றப் பெண்கள் எல்லாரும் உள்ளே போயாயிற்று. ஊசினி கடைசி.

அவள் அறைக்குள் நுழைந்தாள். உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வெளியே ஆட்கள் பேசிய சத்தம் கதவைச் சாத்தியதும் அடங்கிவிட்டது. இரண்டடி கனச் சுவர் எப்படி இருக்கும் என்று அவள் நினைத்திருந்தாளோ அப்படியே இருந்தது. கலாவதி அரிக்கேன் விளக்கைத் தூக்கி அவளைக் கீழிருந்து மேலாகப் பார்த்தாள்.

"என்னக்கா, முட்டி வரைக்கும் சேறு? எங்க விழுந்தீங்க?"

"எங்க நெலத்துல."

"கையத் தூக்குங்க."

தூக்கினாள். கலாவதி கொசுவத்தை உருவினாள், இடுப்பைத் தடவினாள், கொண்டையை அவிழ்த்து விரலை விட்டுத் துழாவினாள். முரட்டுப் பெண் இல்லை, கை மெதுவாகத்தான் பட்டது. வேலையை முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெளியே ஆறு மணி அடித்தது.

"முடிஞ்சிச்சுக்கா. கட்டிக்கிட்டுப் போங்க."

ஊசினி புடவையைச் சுற்றிக்கொண்டாள். ஆனால் நகரவில்லை. ஒரு கையைச் சுவரில் வைத்துக்கொண்டு நின்றாள். மேல் சுற்றில் இன்னும் ஈரம் இருந்தது.

"எந்தப் பக்கமாச்சும் போங்கக்கா. நான் பூட்டணும்."

வெளிக்கதவில் கார்த்திகேசு சங்கிலி போடுகிற சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. ஊசினி உள்கதவைத் தள்ளித் திறந்து, காப்ரியல் நின்ற பக்கம் போனாள்.